‘கார்டிங்’ நிறுத்தியாச்சு எண்டவையே, பிறகேன் மகனை மறிச்சவை?

ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பொலிசார் தெருவில் ஆட்களை மறித்து, பெயர் விவரங்களைக் கேட்டு எழுதிச் சேமிப்பதைத்தான் இங்கே ‘கார்டிங்’ என்கிறார்கள். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

“எங்கட மூத்த மகனுக்கு 19 வயது. இங்க பிறந்தவன். கொலிஜில முதலாம் வருசம். போன ஒக்டோபர் 16ஆம் திகதி இரவு எட்டரை மணிபோல, பாஸ்கற்போல் விளையாடிப்போட்டு ரெண்டு சிநேகிதப் பொடியங்களோட பிளாசாப் பக்கத்தால நடந்து வந்திருக்கிறான். பொலிஸ் கார் ஒண்டு பக்கத்தில வந்து நிண்டிருக்கு. ‘இந்தப் பக்கத்தில ஏதோ களவு நடந்திருக்கு, உங்கட பேர் என்ன, எங்க இருக்கிறியள்’ எண்டு கேட்டு, ஐடியை வாங்கிக் காருக்குள்ள கொண்டுபோய்க் கொம்பியூட்டரில அடிச்சுப் பாத்துப்போட்டுத் திருப்பிக் குடுத்திருக்கினம். துண்டு ஒண்டும் குடுக்கேல்லை. டிசம்பரில அப்பாவின்ர காரை ஓட்டிக்கொண்டு போகேக்க திரும்பவும் மறிச்சு, ‘சும்மா ஒரு செக்’ எண்டு சொல்லி, பக்கத்தில இருந்த சிநேகிதனின்ர பேரையும் கேட்டிருக்கினம். டிக்கெட் இல்லை. அதுக்குப் பிறகு பிள்ளை இரவில வெளிக்கிடுறேல்லை. எங்களோடயும் வடிவாக் கதைக்கிறேல்லை. கார்டிங்கைச் சட்டம் போட்டு நிப்பாட்டியாச்சு எண்டுதானே சொன்னவை? அந்தக் கறுப்புப் பொடியனோட திரியிறதாலதான் உனக்கு இந்த வில்லங்கம் எண்டு நான் ஏசிப்போட்டன். முறைப்பாடு குடுக்கப்போறன் எண்டு மகன் நிக்கிறான். பொலிசோட கொழுவினால் நாளைக்கு வேலைக்குப் போகேக்க ரெக்கோர்ட்டில வரும், பேசாமல் விடு எண்டு இவர் சொல்லுறார். நான் ஆற்ற பக்கம் நிக்கிறது?”

அன்பின் சகோதரிக்கு,

மகனின் பக்கம் நில்லுங்கள். முறைப்பாடு கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும் என்பதுதான் என் ஆலோசனை. சம்பவம் நடந்து ஆறு மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். ஒக்டோபர் 16 என்றால், ஏப்ரல் 16. உங்கள் கடிதம் என் கைக்கு வந்தபோது ஜனவரி முடியப்போகிறது. காலம் இருக்கிறது, ஆனால் தாராளமாக இல்லை.

உங்கள் கணவரின் பயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளியாமல் உங்கள் வீட்டில் எதுவும் அசையாது. பொலிஸ் பதிவுச் சோதனைகள் பற்றி ஒன்ராரியோவில் 2015இல் ஒரு சட்டம் நிறைவேறி, 2018 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. வேலைக்கும் படிப்புக்கும் கேட்கப்படும் சோதனைகளில் என்ன வெளிவரலாம், என்ன வெளிவரக் கூடாது என்று அது வரையறுத்திருக்கிறது. தெருவில் மறித்துப் பெயர் கேட்டுவிட்டு, குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் போக விட்ட சம்பவம் அந்தத் தாளில் வராது. முறைப்பாடு கொடுத்தவர் என்ற குறிப்பும் வராது. பிள்ளைகளையும் முதியவர்களையும் பராமரிக்கும் வேலைகளுக்குக் கேட்கிற ஆழமான சோதனை ஒன்று உண்டு. தீர்ப்பில் குற்றமென்று முடியாத விவரங்கள் அதில்கூடக் கடுமையான நிபந்தனைகளோடுதான் வெளியிடப்படும். உங்கள் மகன்மீது குற்றச்சாட்டே கிடையாது. முறைப்பாடு செய்ததற்காக ஒருவரைப் பழிவாங்குவதை மனித உரிமைச் சட்டக்கோவை தனியாகவே தடை செய்கிறது.

பொலிசாரின் சொந்தக் கணினியில் அந்த இரவின் தேடல் பதிந்திருக்கும் என்பது உண்மை. அதை நினைத்துத்தான் உங்கள் கணவர் பயப்படுகிறார். எனக்கோ அது ஒரு சாட்சி. எத்தனை மணிக்கு, எந்த உத்தியோகத்தர், யாருடைய பெயரை அடித்துத் தேடினார் என்று அது சொல்லும். அதற்குப் பிறகு வருகிறேன்.

இனி உங்கள் கேள்வி. கார்டிங்கை நிறுத்தியாயிற்று என்று நீங்கள் கேள்விப்பட்டது பாதி உண்மை.

2000களிலும் 2010களின் தொடக்கத்திலும் ரொறன்ரோ பொலிசார் தெருவில் நடந்துபோகிறவர்களை மறித்து, பெயர், பிறந்த திகதி, நிறம், உயரம், கூட நின்றவர்கள் யார் என்றெல்லாம் அட்டையில் எழுதிச் சேமித்தார்கள். குற்றம் எதுவும் செய்யாதவர்களின் விவரங்கள் லட்சக்கணக்கில் சேர்ந்தன. நகரத்தின் சனத்தொகையில் தங்களுக்கு இருந்த பங்கைவிட எத்தனையோ மடங்கு கறுப்பின இளைஞர்கள் அந்த அட்டைகளில் இருந்தார்கள். மண்ணிற இளைஞர்களும் இருந்தார்கள். வருடக்கணக்கான எதிர்ப்புக்குப் பிறகு மாகாண அரசு 58/16 என்ற விதியைக் கொண்டுவந்தது. அது 2017 ஜனவரி 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 2024 ஏப்ரல் 1இல் புதிய பொலிஸ் சட்டம் அமுலுக்கு வந்தபோது, அதே விதி வேறு இலக்கத்தோடு அதன்கீழ் தொடர்ந்தது.

அந்த விதி என்ன சொல்கிறது? உளவு சேர்ப்பதற்கோ, சந்தேகத்துக்குரியதாகத் தெரிந்தது என்பதற்கோ ஒருவரின் அடையாள விவரத்தைக் கேட்பதென்றால், அவருடைய இனம் அதற்குக் காரணமாக இருக்கக் கூடாது. குற்றம் அதிகமான இடத்தில் நின்றார் என்பது மட்டும் காரணமாகாது. பதில் சொல்ல மறுத்தார், விலகிப்போகப் பார்த்தார் என்பதும் காரணமாகாது. குறிப்பிட்ட ஒருவரைத் தேடும்போது மட்டும் இனத்தைக் கணக்கில் எடுக்கலாம். அப்போதும் வயது, உடை, வாகனம், இடம் என்று இன்னும் ஏதாவது விவரம் கையில் இருக்க வேண்டும். ‘மண்ணிறப் பொடியன்’ என்பது மட்டும் போதாது. பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்பதையும், எதற்காகக் கேட்கிறேன் என்பதையும் உத்தியோகத்தரே சொல்ல வேண்டும். ஒருசில விதிவிலக்குகளைத் தவிர்த்து, தன் பெயர், பட்ஜ் இலக்கம், முறைப்பாடு செய்யும் வழி எல்லாம் அடங்கிய துண்டொன்றைத் தருவதாகவும் சொல்ல வேண்டும்.

உங்கள் மகனுக்குக் கிடைக்காத துண்டு அதுதான்.

ஆனால் ‘ஏதோ களவு நடந்திருக்கு’ என்று அந்த உத்தியோகத்தர் சொன்னதை நீங்கள் எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமான வரி அதுவே. ஒரு குற்றம் நடந்ததாக நியாயமாகச் சந்தேகித்து, அந்தக் குற்றத்தைப் புலனாய்வு செய்வதற்காகக் கேட்டால் இந்த விதி பொருந்தாது. அப்போது துண்டும் தேவையில்லை, விளக்கமும் தேவையில்லை. விதி வந்த பிறகு, அதன்கீழ் பதியப்படும் தெருச் சோதனைகளின் எண்ணிக்கை ஆண்டறிக்கைகளில் சட்டென்று விழுந்தது. பொடியங்களை மறிப்பதும் அதே அளவுக்கு விழுந்ததா என்று ஸ்காபரோவில் எந்த உயர்பள்ளி வாசலில் நின்று கேட்டாலும் வேறு பதில்தான் கிடைக்கும். ‘இந்தப் பக்கத்தில ஏதோ நடந்திருக்கு’ என்ற ஒரு வரி சேர்ந்துவிட்டால் சம்பவம் விதிக்கு வெளியே போய்விடுகிறது. சட்டத்தின் ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

ஆகவே முறைப்பாட்டின் முழுப் பாரத்தையும் அந்த வரியின்மேல் வையுங்கள். என்ன களவு? எத்தனை மணிக்கு அறிவிக்கப்பட்டது? எந்த முகவரியில்? சந்தேக நபரைப் பற்றி என்ன விவரிப்புக் கிடைத்தது? மூன்று பேரா, ஒருவரா? உங்கள் மகனின் உயரமும் அன்று போட்டிருந்த சட்டையும் அந்த விவரிப்போடு ஒத்துப்போயினவா? உண்மையாகவே களவு நடந்திருந்தால் அதற்கு அழைப்புப் பதிவு இருக்கும், நேரம் இருக்கும். அது இருந்து, விவரிப்பும் பொருந்தினால், அன்று மறித்தது சட்டப்படி சரி என்று முடியலாம். அதையும் மகன் அறிந்திருப்பது நல்லது. அப்படியொரு அழைப்பே இல்லையென்றால், அல்லது தேடப்பட்டவர் ஐம்பது வயது ஆள் என்றால், கதை மாறிவிடும். தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் மகன் தன்னைப் பற்றிய பதிவுகளை ரொறன்ரோ பொலிஸ் சேவையிடம் தானே கேட்டு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பக் கட்டணம் 5 டொலர். உத்தியோகத்தரின் உடலில் பொருத்திய கமெராவின் பதிவையும் அந்தத் தேடலின் பதிவையும் அதில் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். காணொளிகள் காலவரையின்றி வைத்திருக்கப்படுவதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே இதை நாளைக்கென்று தள்ளாதீர்கள்.

‘அவன் தானே ஐடியைக் குடுத்தவன், ஆரும் பறிக்கேல்லையே’ என்று உங்களுக்கு யாராவது சொல்லக்கூடும். இந்தக் கேள்வி கனடாவின் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. 2009இல் தீர்ப்பான கிராண்ட் வழக்கில், ரொறன்ரோவில் தெருவால் நடந்துபோன 18 வயதுக் கறுப்பின இளைஞனை உத்தியோகத்தர் ஒருவர் வழியில் நின்று மறித்து, கைகளை முன்னால் வை என்றார். விலங்கு போடவில்லை, கைது என்று சொல்லவுமில்லை. இருந்தாலும் அது தடுத்துவைத்தலே என்றது நீதிமன்றம். 2019இல் வந்த லே வழக்கு உங்களுக்கு இன்னும் நெருங்கியது. ரொறன்ரோவில் ஒரு தொடர்வீட்டின் பின்வளவில் ஐந்து இளைஞர்கள் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான்கு பேர் கறுப்பர், ஒருவர் ஆசிய வம்சாவளி. மூன்று பொலிசார் அனுமதியும் ஆணையும் இல்லாமல் உள்ளே வந்தார்கள். அதில் ஒருவர் பதிந்த வேலிக்கு மேலால் கால்வைத்து வந்தார். உள்ளே காலடி வைத்த கணத்திலேயே அந்தப் பொடியங்கள் தடுத்துவைக்கப்பட்டுவிட்டார்கள் என்று பெரும்பான்மை நீதியரசர்கள் சொன்னார்கள். ‘விரும்பினால் எழும்பிப் போகலாம்’ என்று ஒருவருக்குத் தோன்றுமா என்பதை அளக்கும்போது, அவருடைய இனத்துக்கும் பொலிசுக்கும் இடையில் இந்த நாட்டில் நடந்துவந்த அனுபவத்தையும் சேர்த்தே அளக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இரவு எட்டரை மணிக்குப் பிளாசா ஓரத்தில் 19 வயதுத் தமிழ்ப் பிள்ளை ஐடியை எடுத்து நீட்டியதற்குப் பெயர் சம்மதமல்ல என்று வாதாட இந்தத் தீர்ப்பு வழி திறக்கிறது.

டிசம்பர்ச் சம்பவம் வேறு. அதில் உங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை தர என்னால் முடியாது. நடந்துபோகிறவரைக் காப்பாற்றுகிற விதி சாரதியைக் காப்பாற்றாது. ஒன்ராரியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம், காரணம் எதுவும் இல்லாமல் வாகனத்தை மறிக்க பொலிசாருக்கு அதிகாரம் கொடுக்கிறது. 1990இல் லடூசர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை அனுமதித்தது. லைசென்ஸ், காப்புறுதி, வாகனத்தின் நிலை, சாரதி குடித்திருக்கிறாரா என்பவற்றைப் பார்க்கத்தான் அந்த அதிகாரம். அதற்குள் உங்கள் மகன் லைசென்ஸைக் காட்டத்தான் வேண்டும். 2018 டிசம்பருக்குப் பிறகு, சட்டப்படி மறித்த சாரதியிடம் எந்தச் சந்தேகமும் இல்லாமலே ஊதச் சொல்லலாம். மறுப்பது குற்றம். ‘என்ர உரிமை’ என்று அந்த இடத்தில் மட்டும் நிற்க வேண்டாம் என்று அவனுக்கு அழுத்திச் சொல்லுங்கள்.

ஆனால் காரில் பக்கத்தில் இருந்தவரின் பெயரை எதற்குக் கேட்டார்கள்? சீற் பெல்ட் போடாதது போன்ற குற்றம் எதுவும் இல்லாவிட்டால், பயணிக்குப் பெயர் சொல்ல வேண்டிய கடமை பொதுவாகக் கிடையாது. போக்குவரத்துப் பாதுகாப்புக்கு மறித்ததாகச் சொல்லிக்கொண்டு பக்கத்து இருக்கையை விசாரிப்பது எனக்குச் சந்தேகத்தைத் தருகிறது. 2003இல் ஒன்ராரியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் பிரவுண் வழக்கில் இதைத் தொட்டது. விலையான காரில் போன கறுப்பினக் கூடைப்பந்து வீரர் ஒருவரை மறித்த வழக்கு அது. இன அடையாளத்தை வைத்து மறித்தேன் என்று எந்த உத்தியோகத்தரும் வாயால் ஒப்புக்கொள்ளப் போவதில்லை, ஆகவே சூழ்நிலைகளிலிருந்தே அதை ஊகித்து நிரூபிக்கலாம் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. முறைப்பாட்டில் இரண்டு சம்பவங்களையும் சேர்த்து எழுதச் சொல்வது இதற்காகத்தான். ஒன்று தனியே நின்றால் தற்செயல் என்பார்கள்.

இது உங்கள் மகனின் கற்பனை அல்ல என்பதற்கு எண்கள் இருக்கின்றன. ஒட்டாவாவில் ஒரு கறுப்பின இளைஞன் கொடுத்த மனித உரிமை முறைப்பாடு சமரசத்தில் முடிந்தபோது, வாகனத்தை மறிக்கும் ஒவ்வொரு தடவையும் சாரதியின் இனத்தைத் தாங்கள் கண்டபடி பதிய வேண்டும் என்று நகரப் பொலிசார் ஒப்புக்கொண்டார்கள். 2013 முதல் இரண்டு வருடத்தில் 81,902 மறிப்புகள் பதியப்பட்டன. மத்திய கிழக்கைச் சேர்ந்தவர்களாகத் தெரிந்த சாரதிகள் வீதியில் ஓடுவோரில் 3.7 சதவீதம், மறிக்கப்பட்டவர்களிலோ 12.3 சதவீதம். கறுப்பினச் சாரதிகள் ஏறத்தாழ 4 சதவீதம், மறிக்கப்பட்டவர்களில் 8.8 சதவீதம். ஒரே ஒருவரின் முறைப்பாட்டிலிருந்து இந்தக் கணக்கு வெளியே வந்தது என்பதை உங்கள் கணவருக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

கியூபெக்கில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மொன்றியலில் ஒரு கறுப்பின மாணவன் லைசென்ஸ் எடுத்த காலந்தொட்டுத் திரும்பத் திரும்ப மறிக்கப்பட்டான். ஒரு தடவைகூட டிக்கெட் இல்லை. அவன் போட்ட லுவம்பா வழக்கில், காரணமின்றி வாகனத்தை மறிக்கும் அதிகாரம் அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று 2022 ஒக்டோபரில் கியூபெக் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மாகாண அரசு அதை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. நோவா ஸ்கோஷியாவில், ஹலிஃபக்ஸ் பொலிசார் வெள்ளையரைவிடக் கறுப்பரை ஆறு மடங்கு அதிகமாகத் தெருவில் மறித்தார்கள் என்று 2019இல் ஆய்வறிக்கை வந்தது. அந்த வருடமே மாகாணம் தெருச் சோதனையைத் தடை செய்தது, ஹலிஃபக்ஸ் பொலிஸ் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ஒன்ராரியோவில் விதியை மீளாய்வு செய்த நீதியரசர் மைக்கல் டலொக், எழுந்தமானமாக மறித்து விவரம் எழுதுவதால் பொலிசுக்குப் பெரிய பயன் இருப்பதற்குச் சான்றில்லை, அதை அறவே விட்டுவிட வேண்டும் என்று 2018 இறுதியில் எழுதினார். நான் எதிர்பார்க்கும் சட்டம் இன்னும் வரவில்லை: காரையும் உள்ளடக்கி, ‘ஏதோ களவு’ என்று சொன்னாலும் அந்தக் காரணத்தை எழுத்தில் கொடுக்கச் சொல்லுகிற சட்டம். அது வரும்வரை இருப்பதை வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும்.

முறைப்பாடு எங்கே கொடுப்பது? பொலிஸ் நிலையத்துக்குப் போகவே தேவையில்லை. சட்ட அமுலாக்க முறைப்பாட்டு முகவரகம் என்று மாகாணத்துக்கு ஒரு சுயாதீன அமைப்பு இருக்கிறது. 2024 ஏப்ரலில் பழைய மேற்பார்வை அலுவலகத்தின் இடத்துக்கு வந்தது. இணையத்திலேயே படிவம் நிரப்பலாம், கட்டணம் இல்லை. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: முகவரகம் பல முறைப்பாடுகளை அதே பொலிஸ் சேவையின் விசாரணைப் பிரிவுக்கே அனுப்பிவைக்கும். அப்படி அனுப்பினால் மனம் தளர வேண்டாம். அங்கேயும் அந்த உத்தியோகத்தர் தன் காரணத்தை எழுதித்தான் ஆக வேண்டும். இரண்டாவது வழி, ஒன்ராரியோ மனித உரிமைத் தீர்ப்பாயம். அதற்கு ஒரு வருட அவகாசம். ஆமை வேகம், வருடக்கணக்கில் இழுபடும். ஆனால் நட்டஈடும் பயிற்சி, நடைமுறை மாற்றங்களும் அங்கேதான் கிடைக்கும். மனித உரிமைச் சட்ட உதவி மையம் அதற்கு இலவசமாக ஆலோசனை தரும். தென்னாசியர்களுக்கான சட்ட உதவி நிலையமும் ரொறன்ரோவில் இருக்கிறது. மகன் வயது வந்தவன் என்பதால் எங்கேயும் அவனே கையெழுத்திட வேண்டும். நீங்கள் கூட இருக்கலாம், அவனுக்குப் பதிலாகப் பேசிவிடக் கூடாது.

இப்போது அந்தப் பயத்தைப் பற்றியும் கொஞ்சம். உங்கள் கணவர் எந்த வருடம் வந்தாரோ தெரியாது. நான் கொழும்பு வெள்ளவத்தையில் இருந்த காலத்தில் அம்மாவின் கைப்பைக்குள் பொலிஸ் பதிவுத் துண்டு எப்போதும் இருக்கும். நாலாய் மடித்து, மடிப்பெல்லாம் வெடித்து, ஒட்டுத்தாள் போட்டு ஒட்டிய துண்டு. சோதனைச் சாவடியில் ‘ஐசி’ (அடையாள அட்டை) என்று கேட்கும் முன்பே அம்மாவின் கை அதை எடுத்துவிடும். 2007 ஜூன் 7 விடிய கொழும்பு லொட்ஜுகளில் இருந்த 376 தமிழரைப் பஸ்களில் ஏற்றி நகரத்தை விட்டே அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. யாரோ துணிந்து மனுப் போட்டதால்தான் அந்த நிறுத்தமும் வந்தது. துண்டைக் காட்டிவிட்டுத் தலையைக் குனிந்து வீடு வந்து சேர்வதுதான் புத்திசாலித்தனம் என்று நாங்கள் பழகியது அங்கே எங்கள் உயிரைக் காப்பாற்றியது. அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் இங்கே துண்டு எழுதித் தர வேண்டியவர் பொலிஸ்காரர். அவர் தரவில்லை என்று கேட்க உங்கள் பிள்ளைக்குச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. உங்கள் கணவரின் பயத்தை மகன் கோழைத்தனம் என்று நினைத்துக்கொண்டிருக்கக் கூடும். அந்தச் சாவடிக் கதைகளை அவர் மகனுக்குச் சொல்லியிருக்கிறாரா? இல்லையென்றால் ஒருநாள் இருத்தி வைத்துச் சொல்லச் சொல்லுங்கள்.

கடைசியாக, அந்தச் சிநேகிதப் பிள்ளை. சகோதரி, நீங்கள் ஏசியது எனக்கு நெஞ்சில் தைத்தது. உங்களைக் கோபிக்கவில்லை; எங்கள் வீடுகள் பலவற்றில் இதே வார்த்தை வருகிறது. ஆனால் நீங்கள் இன்று என்னிடம் கேட்கும் சட்டத்தை, நான் மேலே எழுதிய ஒவ்வொரு தீர்ப்பையும், அநேகமாகக் கறுப்பினக் குடும்பங்களே போராடி வாங்கின. 2005இல் ரொறன்ரோவின் பணக்காரப் பகுதி ஒன்றில் கடிதம் போட்டுக்கொண்டு போன கறுப்பினத் தபால்காரரை ஒரு பொலிஸ்காரர் பின்தொடர்ந்து மறித்தார். உடம்பில் தபால் உடுப்பு, கையில் தபால் பை. அவர் உண்மையான தபால்காரர்தானா என்று அங்கே நின்ற வெள்ளைத் தபால்காரரிடம் விசாரித்தார்கள். அவர் தீர்ப்பாயத்துக்குப் போனார், வென்றார். பொலிஸ் தரப்பு மேன்முறையீடு செய்ய, 2012இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் வென்றார். 2011 ஜனவரியில், மாலைத் தொழுகை முடித்து நடந்துவந்த சூடானிய அகதி ஒருவரைக் குளிரில் பொக்கற்றுக்குள் கை வைத்திருந்தார் என்று அடித்து, விலங்கிட்டு, கையுறை இல்லாத கைகளோடு பனியில் கிடத்தினார்கள். அவர் வழக்காடி, 2017இல் 80,000 டொலர் நட்டஈட்டோடு, இன அடையாளத்தை வைத்துத்தான் மறித்தார்கள் என்ற தீர்ப்பையும் வாங்கினார். 2013க்கும் 2017க்கும் இடையில் ரொறன்ரோ பொலிசின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழக்கும் வாய்ப்பு வெள்ளையரைவிடக் கறுப்பருக்கு ஏறத்தாழ 20 மடங்கு என்று மனித உரிமை ஆணைக்குழு கணக்கிட்டது. அந்தச் சிநேகிதனின் தாய் ஒவ்வொரு இரவும் இந்தக் கணக்கோடுதான் படுக்கப் போகிறார். தன் பிள்ளையை அவன் வயிற்றுக்குள் இருந்தபோதே நினைத்துப் பயந்திருப்பார். உங்கள் மகன் அந்த நண்பனை விட்டுவிட்டால் பொலிஸ் அவனை மறிக்காது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. உங்கள் மகனின் முகமும் மண்ணிறம்தானே.

அவன் கதைக்காமல் இருப்பதற்கு அந்தப் பொலிஸ்காரர் பாதிக் காரணமென்றால், மீதிப் பாதி உங்கள் ஏச்சு என்றே எனக்குப் படுகிறது. அதற்கு மருந்து உங்களிடம்தான் இருக்கிறது. ‘நீ ஒரு பிழையும் செய்யேல்லை’ என்று அவனிடம் நேரே சொல்லுங்கள். ‘உன்ர சிநேகிதனும் செய்யேல்லை’ என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி மறித்தால் என்ன செய்வது என்றும் அவன் தெரிந்திருக்க வேண்டும். கையைப் பொக்கற்றிலிருந்து எடுத்துத் தெரிய வைப்பது, ஓடாமல் நிற்பது, பொய்ப்பெயர் சொல்லாமல் இருப்பது. ஒரே ஒரு கேள்வியை அமைதியாகக் கேட்பது: ‘ஆம் ஐ ஃப்ரீ டு கோ?’ (நான் போகலாமா?) ‘ஆம்’ என்றால் நன்றி சொல்லிவிட்டு நடப்பது. ‘இல்லை’ என்றால் அது தடுத்துவைத்தல். காரணத்தைக் கேட்கவும் சட்டத்தரணியோடு கதைக்கவும் அந்த நொடியிலேயே உரிமை வந்துவிடும். தெருவில் நின்று சட்டம் வாதாட வேண்டாம். வாதத்தைக் கடுதாசியில் வைத்துக்கொள்ளலாம். தம்பி ஒருவன் 18 வயதுக்குக் குறைந்தவனாக வீட்டில் இருந்தால், வாக்குமூலம் கேட்கும் முன் பெற்றோரோடும் சட்டத்தரணியோடும் கதைக்கும் உரிமை அவனுக்குத் தனியாக உண்டு என்பதையும் சொல்லி வையுங்கள்.

கடுதாசி வேலையை இந்தச் சனிக்கிழமையே தொடங்குங்கள். மகனையும் அன்று கூட நின்ற இரண்டு சிநேகிதர்களையும் வீட்டுக்குக் கூப்பிடுங்கள், டிசம்பரில் காரில் இருந்தவனையும். கொப்பித் தாளொன்றை ஒவ்வொருவரிடமும் கொடுத்து, ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். நேரம், இடம், எந்தக் கடை வாசல், எந்த லைற்றுக்குக் கீழே, காரின் பக்கத்தில் இருந்த இலக்கம் ஞாபகம் இருந்தால் அது, எத்தனை உத்தியோகத்தர்கள், யார் என்ன உடுப்பு, முதல் வார்த்தை என்ன, ஐடி எத்தனை நிமிடம் அவர்கள் கையில் இருந்தது. ஞாபகம் இல்லாததை ‘ஞாபகம் இல்லை’ என்றே எழுதட்டும். மூன்று பேரும் சொல்லுக்குச் சொல் ஒரேமாதிரி எழுதினால்தான் எனக்குப் பயம். அன்றிரவு ஒருவருக்கொருவர் அனுப்பிய செய்திகள் போனில் இருக்கும், அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் திகதி போட்டுக் கையெழுத்து வைத்துப் படம் எடுத்துக்கொள்ளட்டும். பிறகு எல்லாப் பொடியங்களையும் இருத்திச் சாப்பாடு போடுங்கள், அந்தச் சிநேகிதப் பிள்ளைக்கும் உங்கள் கையால்.